கோடை ஆய்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, உயிரியல் ஒன்றும் தெரியாது: எப்படித் தயாராவது?

அரும்பு · மார்ச் 14

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். ஆறு வாரக் கோடை ஆய்வுப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். நேற்று இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பல துறைக்காரர்களைக் கலந்து நான்கு நான்கு பேராகக் குழு சேர்க்கிறார்கள். என் குழுவில் நுண்ணுயிரியல் மாணவி ஒருவர், புள்ளியியலில் ஒருவர், பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி முடிக்கப்போகும் ஒருவர், அப்புறம் நான். பாக்டீரியா வளர்ச்சி பற்றிய வேலை என்பது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும்.

பள்ளியோடு உயிரியலை விட்டுவிட்டேன். நூலகத்தில் தடியான நுண்ணுயிரியல் பாடநூல் ஒன்றை எடுத்து வந்தேன். நான்கு நாளாக முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. எங்கள் துறை அண்ணன் ஒருவர், "அந்த ஆறு வாரத்தை உன் கணக்குக்கே கொடுத்தால் ஒரு கட்டுரை தேறும்" என்கிறார்.

போவதா வேண்டாமா என்று கேட்கவில்லை, போகத்தான் போகிறேன். அங்கே போய் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் கவலை. கையில் இருப்பது மூன்று மாதம். என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தறி · மார்ச் 14

வாழ்த்துகள் அரும்பு. முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் ஒரு துறையைப் படித்து முடிக்க முடியாது. முடிந்தாலும் உங்கள் குழுவுக்கு அது தேவையில்லை. நுண்ணுயிரியலுக்கு அந்த மாணவி இருக்கிறார். உங்களைச் சேர்த்தது இயற்பியலுக்காக.

நான் நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒன்றுக்குப் போனேன், புள்ளியியல் பக்கத்திலிருந்து. குழுவில் உயிர்வேதியியல்காரர் ஒருவரும் தமிழ். இடையிடையே தமிழிலேயே பேசிக்கொள்வோம். மூன்றாம் நாள் அவர் வந்து "மாதிரி சரியில்லை" என்றார். நான் என் சமன்பாடுகளை எடுத்து வைத்துக்கொண்டு மதியம் முழுக்கப் பிழை தேடினேன். மாலையில்தான் தெரிந்தது, அவர் சொன்னது குழாயில் இருந்த மாதிரியை. இரவு முழுக்கக் குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்து கெட்டுப்போயிருந்தது. எனக்கு மாதிரி என்றால் கணித மாதிரி. இரண்டு பேருமே சரியான தமிழ்தான் பேசினோம்.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். இரண்டு துறையில் இரண்டு பொருள் தரும் சொற்களுக்கு மட்டும். கணிதத்தில் "சார்பு" என்றால் ஓர் எண்ணைக் கொடுத்தால் இன்னோர் எண்ணைத் தருவது. புள்ளியியலில் அதே சொல் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் குறிக்கும். "கடத்தி" இயற்பியலில் செம்புக் கம்பி, நோயியலில் கொசு. "கரு" அணுவிலும் உண்டு, செல்லிலும் உண்டு, முட்டையிலும் உண்டு. நோட்டு 40 பக்கம் போனது. அந்தக் கோடையில் நான் கொண்டுவந்ததில் இன்னும் கையில் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

படிக்க வேண்டும் என்றால் உங்கள் வழிகாட்டியின் கட்டுரைகளில் இரண்டை மட்டும் எடுங்கள். முன்னுரையை விட்டுவிட்டு படங்களையும் செய்முறைப் பகுதியையும் பாருங்கள். "இதை மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று இவர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியோடு படியுங்கள். எத்தனை முறை திரும்பச் செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள். ஆறு வாரத்தில் இன்னொரு துறையின் அறிவு வராது. அந்தத் துறைக்காரர்கள் எதைக் கண்டால் சந்தேகப்படுகிறார்கள், எதைக் காட்டினால் நம்புகிறார்கள் என்பது வரும். என்னைக் கேட்டால் போவதே அதற்குத்தான்.

கல்மண்டபம் · மார்ச் 15

தறி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் இருப்பதால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

"பல்துறைக் கோடைப் பயிற்சி" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, காலையிலிருந்து மாலை வரை சொற்பொழிவு. இரண்டு, ஓர் ஆய்வகத்தில் ஆளுக்கொரு மேசை கொடுத்து ஒரு வேலையை ஒப்படைப்பது. மூன்று, அரும்பு சொல்வதுபோல் குழு சேர்த்து ஒரு கேள்வியைக் கையில் கொடுப்பது. முதல் வகைக்குப் போவதில் தவறில்லை, ஆனால் அங்கே எந்தத் துறையும் எந்தத் துறையோடும் கலப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்காருவதோடு சரி. சான்றிதழுக்காக ஒவ்வொரு கோடையும் ஒன்றுக்குப் போய், ஐந்தாம் ஆண்டில் ஆய்வேடு எழுத முடியாமல் தவித்த மாணவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் உழைக்காதவர் இல்லை. "போகாதே" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சேர்த்துத்தான்.

அரும்பு முதுகலை முதலாண்டு, அதனால் போகட்டும். பிஎச்.டி பாதியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். கிளம்பும் முன் மூன்று விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தினமும் கூட இருக்கப்போகும் வழிகாட்டி யார், தரவு இப்போதே கையில் இருக்கிறதா, தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் யார் கொடுக்கிறார்கள்.

நண்டுவளை · மார்ச் 15

கல்மண்டபம் சார், மூன்றாவது வகை நிஜமாகவே நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். நான் கடல் உயிரியல், அதனால் எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

மாக்ஸ் டெல்புரூக் கோட்பாட்டு இயற்பியல் படித்தவர். அவர் 1945 கோடையில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி ஒரு சிறு பயிற்சி தொடங்கினார். ஃபேஜ் பயிற்சி என்று பெயர். அது பல ஆண்டுகள் ஓடியது. அணுச் சங்கிலி வினையைப் பற்றி முதலில் யோசித்த லியோ ஸிலார்ட், 1947இல் அதில் ஒரு மாணவராக வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அடுத்த ஆண்டு செய்மூர் பென்ஸர் வந்தார், அவரும் இயற்பியல்காரர்தான். பிறகு ஒரு மரபணுவுக்குள்ளேயே எந்த மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1944இல், நடந்தது. ஆளுக்கொரு வைரஸை வைத்து ஆளுக்கொரு முடிவு சொன்னால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்று, டி1 முதல் டி7 வரை ஏழு வைரஸ்களோடு மட்டும், ஒரே ஈ.கோலை பாக்டீரியா வகையில், ஒரே நிலைமைகளில் வேலை செய்வோம் என்று இந்த வைரஸ்களை ஆராய்ந்த குழுவை டெல்புரூக் ஒப்புக்கொள்ள வைத்தார். பல துறைக்காரர்கள் சேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கேள்வி பெரிதாக இருக்கலாம், கையில் எடுக்கும் பொருள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம் 1888இல் தொடங்கியது. அங்கே கோடைப் பயிற்சிகள் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கின்றன. 1982 கோடையில் உயிர்வேதியியல்காரர் டிம் ஹன்ட் அங்கே பாடம் எடுக்கப் போனார். கடல் முள்ளெலி என்ற முள் போர்த்த கடல் உயிரியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, புதிதாக உருவாகும் புரதங்களைத் தொடர்ந்து பார்க்கக் கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலத்தைச் சேர்த்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்த்தார். மற்றப் புரதங்கள் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் செல் பிரியும் ஒவ்வொரு முறையும் காணாமல் போய்த் திரும்ப வந்தது. அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார்கள். 2001இல் நோபல் பரிசு. கோடை என்பதால் முள்ளெலி முட்டை தாராளமாகக் கிடைத்தது, அவசரப்படுத்த யாரும் இல்லை.

கல்மண்டபம் · மார்ச் 15

நண்டுவளை, நல்ல கதைகள். ஆனால் ஸிலார்ட் அங்கே போனபோது இயற்பியலில் தன் பெயரை நாட்டி முடித்தவர். ஹன்ட் மாணவர் இல்லை, ஆசிரியர். 23 வயதில் போகிறவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

நண்டுவளை · மார்ச் 15

நியாயம் சார். பென்ஸருக்கு அப்போது 27 வயதுக்குள்தான். ஆனால் ஒத்துக்கொள்கிறேன், பெயர் வந்தவர்களின் கதைதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

வெள்ளோட்டம் · மார்ச் 16

பெயர் வராதவரின் கதை ஒன்று நான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எட்டு வாரப் பயிற்சிக்குப் போனேன். அறிவிப்பில் "மருத்துவப் படங்களும் கணினிக் கற்றலும்" என்று இருந்தது. நான் கணினி அறிவியல். போன முதல் நாள் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணோக்கிப் படங்கள். ஒவ்வொன்றிலும் செல்லின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். எட்டு வாரமும் அதுதான். யாருக்காக, எந்தக் கேள்விக்காக என்று கேட்டபோது "முதலில் இதை முடியுங்கள், பிறகு சொல்கிறோம்" என்றார்கள். மருத்துவர் யாரையும் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. கடைசி வாரம் ஒரு சுவரொட்டி தயார் செய்து அதன் முன்னால் நிற்கச் சொன்னார்கள். பார்க்க வந்தவர் ஒருவர், "இரண்டு பேர் ஒரே செல்லுக்குக் கோடு போட்டால் எவ்வளவு ஒத்துப்போகும்?" என்று கேட்டார். அதை யாரும் சோதிக்கவில்லை. எட்டு வாரமாக நான் போட்ட கோடுகளின் மதிப்பே அந்தக் கேள்வியில்தான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

கோடு போடுவது கேவலமான வேலை என்று சொல்லவில்லை, யாராவது செய்துதான் ஆக வேண்டும். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்து ஒரு மாணவரின் கோடையை எடுத்துக்கொள்ளக் கூடாது. அரும்பு, முதல் வாரத்திலேயே கேளுங்கள்: "நாம் கேட்கும் கேள்வி என்ன, என் பங்கு இல்லாவிட்டால் அதில் எது நின்றுபோகும்?" பதில் வரவில்லை என்றால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். நான் ஐந்தாவது வாரம் வரை பொறுத்திருந்தது தவறு.

நெடுவழி · மார்ச் 16

வெள்ளோட்டம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதுபோன்ற பயிற்சி ஒன்றை நடத்தும் குழுவில் ஏழு வருடமாக இருக்கிறேன். உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. இரண்டு பேர் போட்ட கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே எட்டு வாரத்துக்கு அருமையான ஆய்வுக் கேள்வி. கொஞ்சப் படங்கள் போதும், ஒரு மருத்துவர், ஒரு உயிரியல்காரர், நீங்கள். வழிகாட்டிக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு கேள்வியின் அளவுதான். 1966 ஜூலையில் எம்.ஐ.டி.யில் செய்மூர் பேப்பர்ட் ஒரு குறிப்பு எழுதினார். கோடைக்கால உதவியாளர்களை வைத்துக்கொண்டு, கணினிக்கான பார்வை அமைப்பில் கணிசமான பகுதியை அந்தக் கோடையிலேயே கட்டுவது என்று திட்டம். படத்தில் பொருள் எது பின்னணி எது என்று பிரிப்பதில் தொடங்கி, பொருளை அடையாளம் காண்பதுவரை. பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்நாள் வேலையாக இருந்தது அது. திட்டம் போட்டவர்கள் யாரும் சாதாரண ஆட்கள் இல்லை. எது சுலபம் எது கடினம் என்பது உள்ளே இறங்கும்வரை தெரியாது, அவ்வளவுதான்.

ஆறு வாரம் என்றால் 30 வேலைநாள். கணினிக் கணக்கு, ஆய்வக நுழைவு அனுமதி, பாதுகாப்புப் பயிற்சி என்று முதல் நான்கு நாள் போய்விடும். கடைசி ஐந்து நாள் சுவரொட்டியும் பேச்சும். நடுவில் ஒரு கருவி பழுதாகும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும். 18 நாள் தேறினால் நல்ல கோடை. 18 நாளில் "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்; இரண்டு பதிலுமே பயனுள்ளதாக இருக்க வேண்டும். "பாக்டீரியாவுக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி எப்படி உருவாகிறது" என்று ஒரு குழு எழுதி வந்தால் நான் திருப்பி அனுப்புவேன். "இந்த மூன்று பாக்டீரியா வகைகளில் மருந்து கொடுத்த முதல் இரண்டு மணி நேரத்தில் வளர்ச்சி வேகம் வித்தியாசப்படுகிறதா" என்றால் உட்காரச் சொல்வேன்.

அடுத்த வருடம் விண்ணப்பிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நோக்கக் கடிதத்தில் "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், நாங்களும் நம்புகிறோம், ஆனால் அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்கள் செய்த ஒரு வேலையில் உங்கள் துறையின் கருவிகள் போதாமல் நின்ற இடம் எது என்று எழுதுங்கள். அது ஒரு பத்தி. உங்களால் இன்னொருவருக்கு என்ன செய்து கொடுக்க முடியும் என்பது அடுத்த பத்தி. போன வருடம் ஒரு மாணவி, "மண் ஈரத்தை அளந்தேன், கருவி காட்டும் எண் மண்ணின் உப்பைப் பொறுத்தும் மாறுகிறது, அந்த உப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே அவரை எந்தக் குழுவில் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டோம்.

அரும்பு · மார்ச் 16

நெடுவழி அக்கா, மிக்க நன்றி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கட்டுரை வாங்கினேன். செய்முறைப் பகுதியில் "96 குழித் தட்டு" என்று வருகிறது. ஒளி அடர்த்தி என்று ஓர் எண்ணை அளக்கிறார்கள். அது எனக்குப் புரிகிறது, ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்பதுதானே. கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரு சந்தேகம். ஏதாவது நல்ல முடிவு வந்து கட்டுரை எழுதினால் யார் பெயர் முதலில் வரும்? இதை முன்பே கேட்பது மரியாதைக் குறைவாக இருக்குமா?

மூன்றாம்பிறை · மார்ச் 17

கேட்காமல் இருப்பதுதான் பின்னால் மனக்கசப்பில் முடியும். கேளுங்கள் தங்கச்சி.

நான் சமூகவியல். பிஎச்.டி முடித்து ஒரு வருடம் ஆகிறது. பெயர் வரிசைக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வழக்கம். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கடைசி இடம் அங்கே பெருமை. எங்கள் பக்கம் பலருக்குக் கடைசிப் பெயர் என்றால் குறைவாகச் செய்தவர் என்று பொருள். எங்கள் குழுவில் ஒரு பேராசிரியரைக் கடைசியில் போட்டபோது நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு நான் எதற்கு வருந்துகிறேன் என்றே புரியவில்லை. இரண்டாவது வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: யார் என்ன செய்கிறார்கள், பயிற்சி முடிந்த பிறகு தரவு யாரிடம் இருக்கும், நிரல் எங்கே இருக்கும், யாராவது விலகினால் என்ன செய்வது. பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பிஎச்.டி முடித்த கையோடு வருபவர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலைக்கான நேர்காணலில் "இந்தக் கட்டுரை எந்தத் துறையைச் சேர்ந்தது?" என்று கேட்பார்கள். இரண்டு துறையும் "எங்களுடையது இல்லை" என்று தள்ளிவிடும். எனக்கு அது நடந்தது. அதனால் பல்துறை வேலையில் உங்கள் பங்கை உங்கள் துறைக்காரர்கள் மட்டும் படிக்கும்படி தனியாக ஒரு சிறு கட்டுரையாகவும் எழுதி வையுங்கள். இரட்டை வேலைதான், வேறு வழி இல்லை.

மனிதர்களிடமிருந்து வரும் தரவு என்றால் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கே ஒரு கோடை போதாது. பயிற்சி தொடங்கும் முன்பே வாங்கியிருக்கிறார்களா என்று உங்கள் பொதுச் சுகாதாரத் தோழியிடம் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் தெரியும்.

அரும்பு · ஜூன் 21

எல்லோருக்கும் வணக்கம், இரண்டு வாரம் முடிந்தது. தறி சொன்னதுபோல் முதல் நாளே நோட்டு போட்டேன். வெள்ளோட்டம் அண்ணா சொன்ன கேள்வியைக் கேட்டேன், வழிகாட்டி உடனே பதில் சொன்னார். இப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தட்டு ஒன்றில் 96 குழி, எட்டு வரிசை, வரிசைக்கு 12. எல்லாவற்றிலும் ஒரே பாக்டீரியா, ஒரே கஞ்சி (வளர்ப்பு ஊடகத்தை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்). பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி அளக்கிறது. வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டுப் பிரித்துப் பார்க்க ஒரு நிரல் எழுதினேன். வேகமாக வளர்வது, மெதுவாக வளர்வது என்று இரண்டு கூட்டமாக அழகாகப் பிரிந்தது. ஒரே உயிரியில் இரண்டு நடத்தை! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை நுண்ணுயிரியல் தோழியிடம் ஓடிப் போய்க் காட்டினேன். முதல் தட்டில் 36, 60. இரண்டாவதில் 37, 59. மூன்றாவதில் 35, 61.

அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "36ஆ?" என்றார். பக்கத்தில் கிடந்த தாளில் எட்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, சுற்றி ஓரத்துக் கட்டங்களை மட்டும் பேனாவால் நிரப்பி எண்ணச் சொன்னார். மேலே 12, கீழே 12, இரண்டு பக்கமும் ஆறு ஆறு. 36.

ஓரக் குழிகளில் இரவு முழுக்க நீர் ஆவியாகிறது, கஞ்சி கெட்டியாகிறது, வளர்ச்சி மாறுகிறது. அவர்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கே தெரிந்த விஷயமாம். என் தரவுக் கோப்பில் குழியின் இடம் என்பது வெறும் பெயர், ஏ1, ஏ2 என்று. அந்தப் பெயரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் எதைப் பார்த்தாலும் முதலில் "எந்த இடத்தில் இருந்தது?" என்றுதான் கேட்கிறார். தறி சொன்ன "எதைக் கண்டால் சந்தேகப்படுகிறார்கள்" இதுதான் போலிருக்கிறது.

தறி · ஜூன் 21

இதேதான். புள்ளியியல் தோழர் என்ன சொன்னார்?

அரும்பு · ஜூன் 21

அவர் இரண்டு பேரையும் கொஞ்சம் கடிந்துகொண்டார். ஓரக் குழிகளில் வெறும் கஞ்சியை ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 60 குழிகளில் எந்த வகை எங்கே என்று குலுக்கல் முறையில் வைக்கச் சொன்னார். இனி எல்லாத் தட்டும் அப்படித்தான்.

கல்மண்டபம் · ஜூன் 22

அரும்பு, மார்ச்சில் நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை. என் மாணவர்கள் இருவருக்கு இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும்: தவறாகப் போன அந்த மூன்று தட்டுகளின் தரவை அழித்துவிடாதீர்கள், ஓரத்தால் எவ்வளவு மாற்றம் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

அரும்பு · ஜூலை 19

நேற்றோடு முடிந்தது. கல்மண்டபம் சார், தரவு பத்திரமாக இருக்கிறது, சுவரொட்டியில் அந்த 36க்கு ஒரு தனிப் படமே போட்டோம்.

நான்காவது வாரத்தில் இன்னொன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். எல்லா வகைகளின் வரைகோடும் ஏறி ஏறி ஒரே உயரத்தில் தட்டையாகின. தோழி "சாச்சுரேஷன் ஆகிவிட்டது" என்றார். உணவு தீர்ந்து பாக்டீரியா பெருகுவது நின்றுவிட்டது என்று பொருள். நான் "ஆமாம், சாச்சுரேஷன்தான்" என்றேன். எனக்குப் பொருள் வேறு: கருவியால் அதற்கு மேல் அளக்க முடியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து, வேகமாக வளரும் வகையும் மெதுவாக வளரும் வகையும் ஏன் அச்சாக ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு உறுத்தியது. கேட்டபோதுதான் இரண்டு பேரும் வேறு வேறு பொருளில் தலையாட்டியது தெரிந்தது.

சோதிப்பது சுலபம். ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு கஞ்சியில் கலந்து மறுபடி அளந்து, பத்தால் பெருக்கினோம். முன்பு கருவி காட்டியதைவிட அதிகமாக வந்தது. குழம்பு அடர்த்தியானால் ஒளி ஒரு பாக்டீரியாவின்மேல் பட்டுச் சிதறி, மறுபடி இன்னொன்றின்மேல் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியில் கொஞ்சம் திரும்பவும் உணரியில் போய் விழுகிறது. அதனால் உண்மையான எண்ணிக்கை ஏறினாலும் அளவு ஏற மறுக்கிறது. நான் கரும்பலகையில் ஒரு கோடும் நாலு புள்ளியும் போட்டுக் காட்டினேன். தோழி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாவது படத்தைத் திறந்து, "இதையும் திரும்ப அளக்க வேண்டும்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஆகஸ்ட்டில் அளக்கப்போகிறோம்.

எங்கள் கேள்விக்குப் பதில் "இல்லை" என்றுதான் வந்தது. நெடுவழி அக்கா உதாரணம் சொன்ன அதே மாதிரிக் கேள்விதான்: மருந்து கொடுத்த முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று வகைகளுக்கும் வளர்ச்சி வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நெடுவழி அக்கா, நீங்கள் சொன்ன 18 நாள் எங்களுக்கு 16 ஆனது. கருவி ஒரு நாள் நின்றுபோனது, இன்னொரு நாள் மின்சாரம் போனது.

நோட்டு 31 பக்கம். யாருக்காவது வேண்டும் என்றால் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.

வெள்ளோட்டம் · ஜூலை 19

போடுங்கள். படித்துவிட்டு என் பங்குக்குச் சில சொற்கள் சேர்க்கிறேன். "அடையாளமிடுதல்" என்று ஒன்று இருக்கிறது, அதற்கு என்னிடம் எட்டு வார விளக்கம் உண்டு.

மூன்றாம்பிறை · ஜூலை 20

தங்கச்சி, சாச்சுரேஷனுக்கு மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு, எங்கள் துறையில். ஆட்களை நேர்கண்டு பேசிக்கொண்டே போகிறோம். பத்தாவது ஆள், பன்னிரண்டாவது ஆள் என்று போகும்போது ஓர் இடத்துக்கு மேல் புதிதாக எதுவும் வருவதில்லை, முன்பு கேட்டதையே வேறு வாயிலிருந்து கேட்கிறோம். அங்கே நிறுத்திக்கொள்வோம். அதைத்தான் சாச்சுரேஷன் என்கிறோம். இயற்பியல்காரர் ஒருவர் என்னிடம் "வெறும் 12 பேரா?" என்று கேட்டபோது இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அரும்பு · ஜூலை 20

அக்கா, இதில் ஒரு சந்தேகம். புதிதாக வராதது ஆட்களிடம் இல்லாததாலா, இல்லை நாம் கேட்கும் கேள்விக்கு அதற்கு மேல் பிடிக்க முடியாததாலா? எங்கள் கருவிக்கு நடந்தது போலவே. நீங்கள் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?

மூன்றாம்பிறை · ஜூலை 20

வேறு ஒருவரை அனுப்பி, வேறு கேள்விகளோடு, அதே ஊர்க்காரர்களிடம் மறுபடி பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும். உங்கள் ஒன்றுக்கு ஒன்பது மாதிரி. நான் என் ஆய்வேட்டில் அதைச் செய்யவில்லை. இப்போது செய்ய வேண்டும் போலிருக்கிறது. உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.